இடிந்த வீட்டின் கல்லும் மரமும்: அள்ளி வீசும் முன் பிரித்து வையுங்கள்

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது உயிரிழப்பு மிக அதிகமாகப் பதிவான மாவட்டம் கண்டி. மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் வீட்டை விட்டு வெளியேறிப் பாடசாலையிலும் விகாரையிலும் கோயிலிலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருந்த குடும்பங்கள் இப்போது திரும்பி வருகின்றன. சிலருக்குப் பழைய காணியிலேயே கட்ட அனுமதி கிடைத்திருக்கிறது. சிலருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்த நிலையில் இருந்தாலும், இடிந்த வீட்டின் குவியலை என்ன செய்வது என்ற கேள்வி முதல் நாளிலேயே உங்கள் முன்னால் நிற்கும்.

அந்தக் குவியல் பார்வைக்குக் குப்பைதான். ஆனால் புது வீட்டுக்குத் தேவைப்படும் பொருளில் ஒரு பகுதி அதற்குள்தான் கிடக்கிறது. அதை அள்ளி எங்கே கொட்டுகிறீர்கள் என்பதும் மலைப்பிரதேசத்தில் சாதாரண விடயம் அல்ல. கீழ்வீட்டுக்காரரின் உயிர் அதில் தங்கியிருக்கலாம். இந்த இரண்டையும் பற்றியே இப்பாடம் பேசுகிறது.

முதலில் நிலம், பிறகுதான் கல்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் உங்கள் காணியைப் பார்த்து, அங்கு போகலாம் என்று சொல்லும்வரை குவியலில் கை வைக்க வேண்டாம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம் அல்லது மின்கம்பம், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியே வந்து கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். மண்சரிவு எச்சரிக்கை நடைமுறையில் உள்ள நாளிலும், மழை பெய்யும் நாளிலும் இந்த வேலை வேண்டாம். ஒரு கதவு நிலைக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

போகலாம் என்று சொன்ன பிறகும் சில ஆயத்தங்கள் தேவை. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மின்சார சபையிடம் உறுதிப்படுத்துங்கள் (அழைப்பு இலக்கம் 1987). கனமான சப்பாத்து, கையுறை, மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் வேண்டும். ஆணி குத்தினால் ஏற்புவலி ஊசிக்காக வைத்தியசாலைக்குப் போகத் தாமதிக்காதீர்கள். வெள்ளம் நின்ற இடத்தில் எலிக்காய்ச்சல் ஆபத்தும் உண்டு. காலில் புண் உள்ளவர் அந்தச் சேற்றில் இறங்க வேண்டாம். சிறுவர்களை வேலை முடியும்வரை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

பெக்கோ வரும் முன்

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் கையில் இருப்பதை இழக்கின்றன. "இலவசமாகவே துப்புரவாக்கித் தருகிறோம்" என்று சொல்லிப் பெக்கோ இயந்திரத்தோடும் லொறியோடும் ஆட்கள் வருவார்கள். அரை நாளில் நிலம் வெளித்துவிடும், பார்க்கவும் ஆறுதலாக இருக்கும். ஆனால் பலா மரக் கதவு நிலை, யன்னல், கம்பி, ஓடு எல்லாம் அந்த லொறியில் போய்விட்டிருக்கும். மிச்ச மண்ணும் கல்லும் பக்கத்து ஓடையில் கிடக்கும். உதவ வருபவர் எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. இயந்திரம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இயந்திரம் வருவதற்கு முன் கையால் செய்யவேண்டிய வேலை இருக்கிறது என்பதுதான் விடயம். ஒருமுறை வாளி போட்டுக் கிளறிவிட்டால் ஓடும் கல்லும் சேறும் ஒன்றாகக் கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது.

எதையும் நகர்த்தும் முன் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள், கைத்தொலைபேசிப் படம் போதும். சேத மதிப்பீடு இன்னும் நடக்கவில்லை என்றால், பிரதேச செயலக அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை குவியலை அப்படியே விடுவது நல்லது. அவசரமாகப் பாதையைத் திறக்க வேண்டியிருந்தால், கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்தப் பகுதியை மட்டும் அகற்றுங்கள்.

லயன் அறைகளில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பல இடங்களில் லயன் கட்டடம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருக்கிறது. மூன்று தலைமுறை அங்கேயே வாழ்ந்திருந்தாலும், தகரத்தையும் மரத்தையும் கழற்றும் முன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குவது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும். நீங்களே சொந்தச் செலவில் சேர்த்துக் கட்டிய சமையலறை, போட்ட கூரை போன்றவற்றைத் தனியாகக் குறித்துக் கடிதத்தில் எழுதுங்கள்.

கழற்றும் ஒழுங்கு

வீடு கட்டிய ஒழுங்கைத் தலைகீழாக்கினால் கழற்றும் ஒழுங்கு கிடைத்துவிடும். முதலில் கூரை, அடுத்து கைமரமும் வளையும், பிறகு கதவு யன்னல் நிலைகள், கடைசியில் சுவர். சாய்ந்து நிற்கும் சுவரின் அடியில் நின்று கல்லை உருவாதீர்கள். முட்டுக் கொடுத்து, மேலிருந்து கீழாக இறக்குங்கள். இதைத் தனியாகச் செய்ய முடியாது. அயலவர் நான்கு குடும்பம் சேர்ந்து கைமாற்றாக, இன்று உங்கள் வீடு நாளை அவர்கள் வீடு என்று செய்தால் கூலிச் செலவு இல்லை. ஒரு மேசன் பாஸாவது கூட இருந்தால் நல்லது.

செங்கல்

மிகவும் பலன் தருவது செங்கல். பழைய வீடுகளில் களிமண் சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கல்லைக் கொத்துக் கரண்டியால் தட்டினாலே சாந்து உதிர்ந்துவிடும், கல் முழுசாக வரும். சீமெந்துச் சாந்து என்றால் கடினம். கல்லை விடச் சாந்து உறுதியாகப் பிடித்திருப்பதால், அடித்துப் பிரிக்கும்போது கல்லே உடைந்து போகும். எனவே முதலில் பத்துக் கல்லைச் சுத்தம் செய்து பாருங்கள். பத்தில் ஏழு எட்டு முழுசாக வந்தால் அந்தச் சுவரில் நேரம் செலவழிக்கலாம். மூன்று நான்குதான் தேறுகிறது என்றால் அதை உடைகல்லாகவே கணக்கெடுங்கள்.

நல்ல கல்லைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று சத்தம் வர வேண்டும். மந்தமான சத்தம் வந்தால், நகத்தால் சுரண்டினால் தூள் வந்தால், ஒதுக்கிவிடுங்கள். சேற்றில் கிடந்த கல்லைக் கழுவிக் காயவிடுங்கள். மீண்டும் கட்டும்போது மட்டும் கல்லைத் தண்ணீரில் நனைத்த பிறகே வைக்க வேண்டும். காய்ந்த கல் புதிய சாந்தில் உள்ள நீரை உறிஞ்சிவிடும், சாந்து பிடிக்காது.

எவ்வளவு கல் சேர்ந்தால் பிரயோசனம் என்று கணக்குப் பார்ப்போம். இலங்கைத் தரநிர்ணய அளவில் ஒரு செங்கல் 220 × 105 × 65 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் சாந்தையும் சேர்த்தால், அரைக்கல் தடிப்புள்ள சுவரில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 58 கல் போகும். பத்து அடி நீளம், எட்டு அடி உயரமுள்ள ஓர் உட்சுவருக்கு 430 கல் வரை தேவை. இரண்டு நாள் உட்கார்ந்து தட்டினால் ஒரு குடும்பம் சேர்க்கக்கூடிய தொகைதான் இது. கையால் செய்த பழைய கல் அளவில் கொஞ்சம் கூடிக் குறையும் என்பதால், கட்டுவதற்கு முன் உங்கள் கல்லை அளந்து பாருங்கள்.

பழைய கல்லை எங்கே போடலாம்? பாரம் தாங்காத உட்சுவர், சமையலறை அடுப்பு மேடை, முற்றத்துத் தரை, பூந்தொட்டி வரம்பு எல்லாவற்றுக்கும் தாராளமாக. கூரையையோ மேல்தட்டையோ தாங்கும் சுவருக்கும், மண்ணைத் தாங்கும் சுவருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்துச் சம்மதித்தால் மட்டும். அரைக்கல், கால்கல் எல்லாம் தரைக்குக் கீழே இடிநிரப்பாகப் போகட்டும்.

மரமும் ஓடும் தகரமும்

கண்டியிலிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். 14 ஆம் நூற்றாண்டில், கம்பளை இராச்சிய காலத்தில் எழுந்த தேவாலயம் அது. அந்தத் தூண்கள் கம்பளையில் கைவிடப்பட்ட அரச சபா மண்டபத்திலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை என்பது மரபுவழிச் செய்தி. நல்ல மரத்தை ஒரு கட்டடத்தோடு முடித்துவிடாமல் அடுத்ததற்குக் கொண்டுபோவது இந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல.

பலா மரம் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் பழைய பலாக் கதவு நிலை இன்றைக்கு வாங்கக் கிடைப்பதை விடத் தரமானதாகவே இருக்கும். கினிசப்புப் பலகையையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆணியை முதலில் பிடுங்குங்கள். அடுக்கிய பிறகு பிடுங்கலாம் என்று விட்டால் அந்த ஆணி யாரோ ஒருவரின் காலில்தான் ஏறும். கத்தி முனையால் குத்திப் பாருங்கள். ஆழமாக இறங்கினால் உக்கியிருக்கிறது அல்லது கறையான் அரித்திருக்கிறது. நல்ல மரத்தை நிலத்தில் படாமல் கல்மேல் வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் இடையே சிறு சட்டம் கொடுத்து, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் கோணும். பெயின்ட் அடித்த மரத்தையும் மருந்து பூசிய மரத்தையும் அடுப்பில் எரிக்க வேண்டாம். அந்தப் புகை குழந்தைகளுக்குக் கூடாது. மரத்தை வேறு ஊருக்கு லொறியில் ஏற்றுவதானால், அது இடிந்த வீட்டு மரம் என்று கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கி, அனுமதிப்பத்திரம் தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் நிறுத்தினால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

ஓட்டைக் கிடையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி அடுக்குங்கள், உடைவது குறையும். ஆணி ஓட்டை விழுந்த தகரம் வீட்டுக் கூரைக்கு ஆகாவிட்டாலும் விறகுக் கொட்டிலுக்கும் கோழிக் கூட்டுக்கும் ஆகும். உடைந்த ஓட்டிலும் வளைந்த தகரத்திலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு நுளம்பு பெருகும்.

கம்பியும் கொங்கிரீட்டும்

இடிந்த தூணிலிருந்து உருவிய கம்பியை நிமிர்த்திப் புதுத் தூணுக்குப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த கம்பி, வளைந்த இடத்தில் பலமிழந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. பழைய இரும்பு வாங்குபவருக்கு நிறைக்கு விற்று, அந்தப் பணத்தைப் புதுக் கம்பிக்குச் சேருங்கள். நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், ஒன்றுக்கு இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். வேலிக்கு முளை, கொடிக்குப் பந்தல் என்று வைத்துக்கொள்வதில் தடையில்லை.

கொங்கிரீட்டை நொறுக்கி மீண்டும் பயன்படுத்துவதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு காலியில் வீடுகளும் கடைகளும் இடிந்த குவியல் மலைபோலச் சேர்ந்தது. அதைக் கையாள ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அங்கு கட்டடக் கழிவு முகாமைத்துவத் திட்டம் ஒன்று தொடங்கி, இடிபாட்டை இயந்திரத்தால் நொறுக்கித் தரம்பிரித்துக் கட்டட வேலைக்குத் திரும்பக் கொடுக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. கண்டிக் கிராமத்தில் உங்களுக்கு அந்த இயந்திரம் கிடைக்காது. ஆனால் சுத்தியலால் உடைத்துச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கைப்பிடி அளவாக உடைத்தால் தரைக்கு அடியில் நிரப்பலாம், சேறாகும் ஒழுங்கைக்குப் போடலாம், வடிகானின் அடித்தளத்துக்கு இடலாம். புது வீட்டின் தூண், வளை, மேல்தட்டு ஆகியவற்றின் கலவையில் மட்டும் இதைக் கருங்கல் சல்லிக்குப் பதிலாகப் போடாதீர்கள். துண்டுகளில் ஒட்டியிருக்கும் பழைய சாந்து நீரை அதிகம் உறிஞ்சும், சேறும் கலந்திருக்கும், கொங்கிரீட்டின் பலம் குறையும். சீமெந்துக் கல்லுக்கும் இதுவே விதி.

நேபாளத்தில் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு மலைக்கிராம மக்கள் பழைய வீட்டின் கல்லையும் மரத்தையும் வைத்தே திரும்பக் கட்டினார்கள். லொறி ஏறாத மலைக்குப் புதுக்கல் சுமந்துபோகும் கூலி கல்லின் விலையைத் தாண்டிவிடும். உங்கள் வீட்டுக்கும் கடைசி அரை மைல் ஒற்றையடிப் பாதைதான் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

எங்கே கொட்டக் கூடாது

தளர்வாகக் குவித்த ஒரு கியூப் இடிபாடு, அதாவது 100 கன அடி, ஏறத்தாழ 4 தொன் நிறை வரும். ஒரு சிறிய வீடு இடிந்தாலே இப்படிப் பல கியூப் சேரும். இதைக் காணியின் ஓரத்தில், கீழ்ப்பக்கச் சரிவின் விளிம்பில் தள்ளிவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. கண்ணுக்கு மறைந்துவிடும், செலவும் இல்லை. ஆனால் மழையில் ஏற்கெனவே ஊறிப் பலமிழந்த சரிவின் தலையில் அத்தனை தொன் பாரத்தை ஏற்றியிருக்கிறீர்கள். அது தளர்ந்த குவியலாக இருப்பதால் அடுத்த மழையின் நீரை உள்ளே பிடித்துவைத்து இன்னும் பாரமாகும். கீழே யாருடைய வீடு இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வடிகானை அடைப்பதும் இதே அளவு கெடுதி. மலைச்சரிவில் வெட்டிய கான் மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் பக்கவாட்டில் கொண்டுபோவதற்காக இருப்பது. அதில் நான்கு கூடை உடைகல் விழுந்தால் நீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். மண்சரிவு தொடங்குவது பெரும்பாலும் இப்படி உள்ளே இறங்கிய நீரால்தான். ஆகவே வேலை தொடங்கும் நாளில் முதல் வேலையாகக் கானைத் திறந்துவிடுங்கள், மாலையில் வீட்டுக்குப் போகும்முன் கானை ஒருமுறை பாருங்கள்.

ஓடையில் கொட்டியது அங்கேயே நிற்பதில்லை. நகரில் கண்டிக் குளத்தின் நீரைக் கொண்டுபோகும் மெத எல மகாவலியில் சேர்கிறது. சுற்றுப்புறத்து ஓடைகள் பலவும் கடைசியில் சேருவது அதே கங்கையில்தான். கல்லும் மண்ணும் நிறைந்த ஓடை, கரையிலுள்ள தாழ்வான வீடுகளுக்குள் புகும். மிச்சம் பொல்கொல்ல அணைக்கட்டில் வண்டலாகப் படியும். வயலை நிரப்புவது பற்றியும் கேட்கிறார்கள். அனுமதியில்லாமல் வயலை நிரப்புவது சட்டப்படி குற்றம்.

பிறகு எங்கே வைப்பது? காணியின் சமமான, மேட்டுப் பக்க வெட்டிலிருந்தும் கீழ்ப்பக்க விளிம்பிலிருந்தும் தள்ளிய இடத்தில், இடுப்பளவுக்கு மேல் உயராமல், கல் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம் என்று வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாத மிச்சத்தைக் கொட்ட எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ கேளுங்கள். பக்கத்து வீதி வேலைக்கு நிரப்பு மண் தேடுபவர்கள் இருக்கலாம், அதையும் அங்கேயே விசாரியுங்கள். சரிந்து வந்த மண்ணை மட்டும் அத்திவாரத்துக்கு அடியில் நிரப்பாதீர்கள். வேரும் இலையும் கலந்த அந்த மண் உக்கி இறங்கும், தரை வெடிக்கும். மரக்கறித் தோட்டத்துக்கு அது நல்ல மண்.

அஸ்பெஸ்டஸ் தகடு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இது மீண்டும் பயன்படுத்தக் கூடாத பொருள். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டிலிருந்து பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கும். நோய் பல ஆண்டுகள் கழித்தே தெரியும், அதனால்தான் பலர் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. தகட்டை நனைத்த பிறகே தொடுங்கள். உடைக்கவும் அறுக்கவும் துளைக்கவும் வேண்டாம். முழுத் தகடாக இறக்கி, உடைந்த துண்டுகளை ஈரத்தோடு தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டுங்கள். விளக்குமாற்றால் காய்ந்த தூளைக் கூட்ட வேண்டாம். தரை நிரப்புக்கோ பாதைக்கோ ஒரு துண்டும் போகக் கூடாது. வேலை முடிந்ததும் அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

புது வீட்டில் வீணாவதைக் குறைத்தல்

பழையதைச் சேர்த்தெடுத்துவிட்டுப் புதியதை வீணாக்கினால் கணக்கு சரிவராது. மானியப் பணத்தில் கட்டும்போது சீமெந்துதான் அதிகம் வீணாகிறது. கண்டி மழையில், தரையில் வைத்த சீமெந்து மூட்டை சில வாரங்களிலேயே கட்டிபடும். பத்து நாள் வேலைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பலகைமேல், சுவரில் படாமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்கக்கூடிய அளவு மட்டும் சாந்து குழையுங்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் மீண்டும் தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது பிடிக்காது.

அடுத்தது அளவு. நீங்கள் வைத்திருக்கும் பழைய கதவு நிலையையும் யன்னலையும் அளந்து, அந்த அளவைப் படம் வரைபவரிடம் முதலிலேயே கொடுங்கள். சுவர் எழும்பிய பிறகு "பழைய நிலை பொருந்தவில்லை" என்று புதுசு வாங்கும் வீடுகள் அதிகம். 16 அங்குல சீமெந்துக் கல்லால் கட்டுவதானால் அறை நீளத்தை 8 அங்குலத்தின் மடங்காக வையுங்கள், கல் வெட்டுவது குறையும். கம்பி வெட்டும் முன் எந்தத் துண்டு எங்கே என்று மேசன் பாஸோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்.

பிரித்து அடுக்கி முடித்ததும் இன்னொரு முறை படம் எடுத்து, எவ்வளவு கல், எத்தனை கதவு, எத்தனை யன்னல், எத்தனை தகரம் என்று பட்டியல் போடுங்கள். இரும்பு விற்ற சிட்டையையும் அதோடு வைத்திருங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் முதல் தடவை காணிக்கு வரும்போது இந்தப் பட்டியலைக் காட்டி, இதில் எதை எந்தச் சுவருக்குப் போடலாம் என்று கேட்டு, அவர் சொல்வதை அதே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.